“எந்த ஸ்டேஷன் லிமிட்?”

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவசர அழைப்புகள் பற்றிய உங்கள் செய்தியில், “பொதுமக்கள் முகவரியைத் தெளிவாகச் சொல்லாததால்தான் தாமதமாகிறது” என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

போன மார்கழியில் ஒருநாள், இரவு ஒன்றரை மணி. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா அலறினார். உடனே 100-ஐ அழைத்தேன். தெரு, வீட்டு எண், எதிரே பிள்ளையார் கோயில், பின்னால் தண்ணீர்த் தொட்டி என எல்லாம் சொன்னேன். “எந்த ஸ்டேஷன் லிமிட்?” என்றார்கள். கதவை இடிக்கும் சத்தத்தைக் கேட்டு நடுங்கிக்கொண்டு நிற்பவளுக்கு எல்லை எங்கே தெரியும்? அப்புறம் ஒரு நம்பரைக் கொடுத்தார்கள். அங்கே, “ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுது இல்லைம்மா” என்றார்கள். மூன்று பேரிடம் அதே கதையைச் சொன்னேன். ரோந்து வண்டி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவும் வேறொரு ஏரியாவில் இருக்கும் காந்தி தெருவுக்குப் போய்விட்டு வந்ததாம். நான் சொன்னதில் ‘காந்தி தெரு’ மட்டும்தான் டிரைவருக்குப் போயிருக்கிறது. கோயிலும் தொட்டியும் நடுவிலேயே உதிர்ந்துவிட்டன. தெளிவாகச் சொல்லாதது யார், ஐயா?

எல்லை பார்த்ததால் 2019-ல் ஹைதராபாத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கொலையான கால்நடை மருத்துவரின் குடும்பம் மகளைக் காணோம் என்று ஓடியபோது, எங்கள் எல்லை இல்லை என்று அலையவிட்டதற்காக மூன்று போலீஸாரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில், எல்லா அவசர உதவிக்கும் 112 என்ற ஒரே எண் தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதே வருடம்தான். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டமே சொல்கிறது. உயிருக்குப் பயந்து அழைப்பவரிடம் மட்டும் லிமிட் கேட்பது என்ன நியாயம்?

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது 108 டிரைவரே போன் செய்து, “எந்த முனையில் திரும்பணும்மா?” என்று கேட்டுக்கேட்டு வந்து சேர்ந்தார். ரோந்து வண்டிக்காரரும் அப்படி ஒரு போன் செய்தால் போதும். எல்லை எது என்பதைக் கண்ட்ரோல் ரூமே பார்த்துக்கொள்ளட்டும்.

ரோடு போட்டபோது பிடுங்கிய எங்கள் தெருப் பெயர்ப்பலகையை இன்னும் நடவில்லை. இரண்டு வருடத்தில் நான்கு மனு கொடுத்துவிட்டேன். தெருவிளக்கும் பாதி எரிவதில்லை. முகவரி தெளிவாக இல்லை என்று சொல்பவர்கள், முதலில் அந்தப் பலகையையாவது நட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னைப் புறநகர்