மலகாஃப் பள்ளத்துக்குப் போகுமுன்: நம் மலைநடைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் கலிபோர்னியாவின் மலகாஃப் டிக்கின்ஸ் வரலாற்றுப் பூங்காவில் கூடாரம் போடுவது என்று முடிவானதிலிருந்து வாட்ஸாப்பில் ஒரே பேச்சு, பிரியாணி யார் பொறுப்பு, ஸ்பீக்கர் யார் கொண்டுவருவது என்பதுதான். "தங்கம் எடுத்த இடமாம், பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பூங்காவின் படங்களில் செம்மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரிகிற அந்தச் செங்குத்துச் சுவர்கள் இயற்கை செதுக்கியவை இல்லை. மலையையே தண்ணீரால் கரைத்த பள்ளம் அது. நீளம் சுமார் 7,000 அடி, அகலம் 3,000 அடி, ஆழம் சில இடங்களில் 600 அடியை நெருங்கும். உயரத்திலிருந்து குழாயில் இறக்கிய தண்ணீரை 'மானிட்டர்' என்ற இரும்புப் பீரங்கியால் சரிவில் பீய்ச்சியடித்தார்கள். கரைந்த சேற்றை மரக்கால்வாயில் ஓடவிட்டு, பாதரசம் போட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். மிச்சமெல்லாம் யூபா ஆற்றில்.

ஆற்றுப்படுகை மேடேறிக்கொண்டே போனது. 1875இல் மேரிஸ்வில் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. கீழே சமவெளியில் வயல்களைச் சேறு மூடியது. மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த வுட்ரஃப் என்பவர் நார்த் ப்ளூம்ஃபீல்ட் சுரங்கக் கம்பெனிமேல் வழக்குப் போட்டார். 1884இல் நீதிபதி லொரென்சோ சாயர், கழிவை ஆற்றில் விடக் கூடாது என்று தடை விதித்தார். அத்தோடு அந்தத் தொழில் படுத்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள். மேலே இருப்பவன் செய்வது கீழே இருப்பவன் தலையில் விடியும் என்பதை நமக்கா சொல்லித்தர வேண்டும்?

அதனால் சனிக்கிழமைத் திட்டத்தை மாற்றுங்கள். விளிம்பில் நின்று போட்டோ எடுத்துவிட்டு பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் பள்ளத்துக்குள் இறங்கி நடப்போம். திறந்திருந்தால் ஹில்லர் சுரங்கத்துக்குள்ளும் போகலாம். 556 அடிதான், ஆனால் உள்ளே கும்மிருட்டு, காலடியில் தண்ணீர். ஆளுக்கொரு டார்ச், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஷூ. ஒன்று மட்டும் கண்டிப்பு: அந்தப் பாதரசம் மண்ணில் இன்னும் இருக்கிறது. பள்ளத்து நீரைக் குடிப்பதோ, பிள்ளைகளை அதில் அளையவிடுவதோ கூடாது.

பிறகு பூங்காவுக்குள்ளேயே இருக்கிற பழைய சுரங்க ஊரான நார்த் ப்ளூம்ஃபீல்டின் தெருவில் ஒரு மணி நேரமாவது சுற்றுவோம். முதலில் அந்த ஊரின் பெயரே 'ஹம்பக்', அதாவது டுபாக்கூர்! தங்கத்தை நம்பி வந்து ஏமாந்தவர்கள் வைத்த பெயர்.

அப்புறம், வழி. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பலாம் என்கிறீர்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து டிராஃபிக்கைத் தாண்டிப் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிடும். நெவாடா சிட்டியிலிருந்து (கலிபோர்னியாவில்தான் இருக்கிறது, போன தடவை மாதிரி நெவாடா மாநிலம் என்று குழம்ப வேண்டாம்) நார்த் ப்ளூம்ஃபீல்ட் சாலை கிட்டமாகத் தெரியும். ஆனால் அது செங்குத்தான, குறுகலான பாதை, நடுவில் மண் ரோடும் வரும். 49ஆம் நெடுஞ்சாலையில் போய் டைலர் ஃபூட் சாலையில் திரும்புவோம், சுற்றுதான் என்றாலும். மதியமே கிளம்ப முடியாதவர்கள் சனி காலையில் வரட்டும். போன் சிக்னலை நம்ப வேண்டாம், மேப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் வேண்டாம். பிரியாணியும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, அண்டாவைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். போன முகாமில் இட்லி மாவு டப்பாவை மேசைமேலேயே விட்டுத் தூங்கியது நான்தான். காலையில் பெஞ்சு முழுக்க ரக்கூனின் குட்டிக்குட்டி வெள்ளைக் கால்தடம். இங்கே கரடியும் உண்டு.

யார் யார் வருகிறீர்கள், எந்த வண்டியில் என்று ஞாயிறு இரவுக்குள் சொல்லிவிடுங்கள். மாவு இந்த முறையும் என் பொறுப்பு. டப்பாவை மேசையில் விடமாட்டேன்.

அன்புடன்,
குழுவில் எப்போதும் கடைசியாக நடந்து வருகிறவன்