வட்டம் போட்டால் துணையாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் நம் மொரீஷியஸ் மெட்ரோ ரயில் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், கோபம் ஆறுமா என்று. ஆறவில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் ஏறுகிற, இறங்குகிற டாக்சிப் பயணம் எல்லாம் மெட்ரோவுக்குத் துணைதானாம், அப்படித்தான் கணக்கெடுக்க வேண்டுமாம்.

சரி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன செவ்வாய் சாயங்காலம் ரோஸ் ஹில் நிலையத்துக்கு எதிரேதான் டாக்சி-ட்ரேன், அதாவது பல பேர் சேர்ந்து போகிற பங்கு டாக்சி, பிடித்தேன். ஆனால் மெட்ரோவில் கால் வைக்கவில்லை. காய்கறி வாங்க வந்தவள், கேம்ப் லெவ்யூ பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்று கால் கடுத்துப்போய், முன்பின் தெரியாத மூன்று பேரோடு இடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். எனக்கு வயது 68. முதியவர்களுக்கு 2005-லிருந்து பஸ் இலவசம், உங்களுக்குத் தெரியாததில்லை. இலவச கார்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருத்தி காசு கொடுத்து டாக்சியில் போகிறாள் என்றால் பஸ் அவளைக் கைவிட்டது என்றுதானே அர்த்தம்? உங்கள் கட்டுரையாளருக்கு அது மெட்ரோவின் வெற்றி.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் ஏழு பெருநகரங்களில் மக்களிடமே கேட்டு 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செல்போன் ஆப்பில் கூப்பிடும் வாடகைக் கார் பழகியவர்கள் பஸ்ஸில் போவது 6 சதவீதம் குறைந்ததாம், புறநகர் ரயிலில் போவது 3 சதவீதம் கூடியதாம். அதே கார்தான், ரயிலுக்குத் தோழி, பஸ்ஸுக்குச் சக்களத்தி. நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டால் இது தெரியுமா?

இந்தத் தீவில் மேலே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். 1956-ல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், அப்பா சாகும்வரை அதைச் சொல்லிப் புலம்பினார், 63 வருடம் கழித்து 2019-ல் பெரிய விழா எடுத்துத் தண்டவாளத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1998-ல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே ஒரு வரி தள்ளினார்களே, அதுவும் யாரோ ஒருவருக்குச் சின்ன விஷயமாகத்தான் பட்டிருக்கும். நாங்கள் சத்தம் போட்ட பிறகுதான் அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கினார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தடவை கணக்கெடுக்க வருகிறவர்கள் டாக்சியிலிருந்து இறங்குகிறவரிடம், இந்த வண்டி இல்லாவிட்டால் எப்படிப் போயிருப்பீர்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று இரண்டே கேள்வி கேட்கட்டும். அப்புறம், எங்கள் நிறுத்தத்தில் பஸ் நேரம் எழுதிய ஒரு பலகை. அதையாவது உங்கள் பத்திரிகையில் எழுதிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்