அந்த நேபாளத்து அண்ணனைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மக்களே,

போனில் பேசினால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் பைய வாசி.

அங்கே கத்தாரில் உன் வார்டில் கிட்னி இரண்டும் போய் இறந்துபோன அந்த நேபாளத்து அண்ணன் ஒரு நாளும் இயேசுவை அறிந்ததில்லை, அதனால் அவர் இப்போது நரகத்தில்தான் இருப்பார் என்று ஜெபக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னதாகவும், நீ பாதியிலேயே எழுந்து வந்துவிட்டதாகவும், இனி அந்தப் பக்கம் போகப்போவதில்லை என்றும் சொன்னாய். அப்புறம் ஒன்று கேட்டாய். "ராத்திரி முழுக்க நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கே விட மனசு வரவில்லை, கடவுளுக்கு மட்டும் எப்படிம்மா வரும்?"

இப்படிக் கேட்டதற்கு உன்னை விசுவாசம் குறைந்தவள் என்று நான் நினைக்கவே மாட்டேன். கடவுள் அன்பானவர் என்று உண்மையிலேயே நம்புகிறவளுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரகம் உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்குள் இன்னார் இருக்கிறார் என்று சொல்ல அந்த அக்காவுக்கு அதிகாரம் இல்லை, நம்ம பங்குச் சாமியாருக்கு இல்லை, போப்பாண்டவருக்கும் இல்லை. திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, நம்ம நட்டாலத்து தேவசகாயம் பிள்ளையை 2022 மே 15-ல் அறிவித்தபோது இந்தப் பக்கம் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு ஓர்மை இருக்கும். அதே திருச்சபை இத்தனை நூற்றாண்டுகளில் ஒருவரைக்கூட, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசைக்கூட, இவர் நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்ததே இல்லை. சபையே வாய் திறக்காத இடத்தில் நாம் எதற்கு மக்களே ஆள் பெயர் சொல்ல வேண்டும்?

இயேசு நரகத்தைப் பற்றிப் பேசவே இல்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அழுகையும் அங்கலாய்ப்பும் என்று அவரேதான் சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று நீ வாசித்துப் பார். மத்தேயு 25-ல் நித்திய நெருப்புக்குப் போகச் சொல்வது பசித்தவனுக்குச் சோறு கொடுக்காதவர்களை, நோயாளியைப் பார்க்கப் போகாதவர்களை, அந்நியனைச் சேர்த்துக்கொள்ளாதவர்களை. அந்த நெருப்பு அலகைக்கும், அதாவது சாத்தானுக்கும், அதன் தூதருக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது என்றுதான் அங்கேயே இருக்கிறது, மனிதருக்கென்று செய்ததாக இல்லை. நித்திய வாழ்வுக்குப் போகிற, வலது பக்கம் நின்றவர்கள்கூட "ஆண்டவரே, எப்போது உம்மைப் பார்த்தோம்?" என்றுதானே கேட்கிறார்கள்? யாருக்குச் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தவர்கள் அவர்கள்.

லூக்கா 16-ல் இயேசு சொன்ன கதையில் வரும் லாசரைப் பார். புண்ணோடு பணக்காரன் வாசலில் கிடந்தான், நாய்கள் வந்து நக்கின, செத்தான், தூதர்கள் அவனை ஆபிரகாம் மடியில் கொண்டு வைத்தார்கள். அவன் எந்த ஜெபம் சொன்னான், என்ன அறிக்கையிட்டான் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. வெயிலில் வேலை பார்த்து, ஊரில் பட்ட கடனை அடைக்க முடியாமல், பிள்ளைகளின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவும் கொடுத்துவைக்காமல் போன மனுஷனை அந்தக் கதையில் எந்த இடத்தில் வைப்பாய்? அவரைக் கொண்டுபோய் நெருப்பில் வைக்க அந்த அக்காவுக்கு எப்படித் தோன்றிற்றோ.

1964-ல் ஆயர்களெல்லாம் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட சாசனத்திலும், தன் குற்றம் இல்லாமல் கிறிஸ்துவை அறியாதிருந்து, மனசாட்சி காட்டின வழியில் நடந்தவர்களும் மீட்பு அடையலாம் என்று எழுதியிருக்கிறது. நானாகச் சொல்லும் ஆறுதல் என்று நினைத்துவிடாதே.

சரி, அப்படியானால் நரகத்தையே எடுத்துப் போட்டுவிடலாமே என்று கேட்பாய். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஏன் தெரியுமா? நம்ம விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் நம் குடும்பத்துப் பெண்கள் மாரை மறைக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். மறைத்தவர்களைச் சந்தையில் வைத்து அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் ராஜா விளம்பரம் போட்ட பிறகுதான் மேலே துணி போட முடிந்தது, அப்போதும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது என்றுதான் உத்தரவு. அதற்கு நான்கு வருஷம் முன்னால் வரை, 1855 வரை, இந்த மண்ணில் ஆட்களை மாடு விற்கிற மாதிரி விற்றார்கள், தாயை ஒருவனுக்கும் பிள்ளையை இன்னொருவனுக்குமாக. அதையெல்லாம் செய்தவர்களில் எத்தனையோ பேர் நல்ல கட்டிலில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, நிம்மதியாகச் செத்தார்கள். எந்தக் கோர்ட்டும் அவர்களைக் கேட்கவில்லை. கடவுளும் கேட்கமாட்டார், எல்லாம் போகட்டும் என்று தட்டிக்கொடுத்து உள்ளே விடுவார் என்றால், சந்தையில் நின்று அழுத அந்தப் பெண்ணுக்கு அது அன்பா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்று எனக்கு எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்கிற கடவுளை என்னால் கும்பிட முடியாது. நியாயத்தீர்ப்பு ஒன்று உண்டு என்பது அடிபட்டவர்களுக்கு நல்ல செய்தி மக்களே. உன் நேபாளத்து அண்ணனுக்குச் சம்பளம் பாக்கி வைத்தவன் எவனாவது இருந்தால் அவனும் அதைக் கேட்க வேண்டும்.

ஆகவே தீர்ப்பு வேண்டும். என்னை வதைக்கிறது அந்த நெருப்புதான், உன்னையும் அதுதான் வதைக்கிறது. கன்வென்ஷன்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கொப்பரை, புழு என்று சத்தம் போட்டுச் சொல்கிறவர்களை இங்கேயும் கேட்டிருக்கிறேன், பாறசாலைப் பக்கம் மலையாளத் தியானங்களிலும் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதைக் கேட்டால் கடவுளே அடுப்பு மூட்டி நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு அப்போதெல்லாம் எரேமியா ஏழாம் அதிகாரம்தான் ஓர்மைக்கு வரும். எருசலேமுக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கில் ஆகாசு, மனாசே என்ற ராஜாக்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை நெருப்பில் பலி கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கடவுள் சொல்கிறார், நான் இதைக் கட்டளையிடவில்லை, இது என் மனசில் தோன்றவும் இல்லை என்று. இயேசு நரகத்தைச் சொல்லும்போது அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைத்தான், கெகன்னா என்று, சொன்னார். அந்த நெருப்பை மூட்டினது மனிதர்கள், பிள்ளைகளைத் தள்ளினதும் மனிதர்கள், கடவுள் நெஞ்சு பொறுக்காமல் கத்துகிறார். பிள்ளைகளை எரிப்பது என் மனசில் தோன்றவே இல்லை என்று சொன்னவர் தானே போய் ஒரு அடுப்பு கட்டி வைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியாது.

அப்படியென்றால் நரகம் என்ன? 1999 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு புதன்கிழமை மறையுரையில், கடவுள் வெளியிலிருந்து சுமத்துகிற தண்டனையாக அதை எண்ண வேண்டாம், மனிதன் தானே கடவுளை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நிற்கிற நிலை அது என்று விளக்கினார். லாசர் கதையில் அந்தப் பணக்காரனும் செத்துப் பாதாளத்துக்குப் போகிறான், அவனைத் திரும்பப் பார். வேதனையில் கிடக்கும்போதுகூட லாசரிடம் ஒரு மன்னிப்பு கேட்கவில்லை, நேரே பார்த்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை, ஆபிரகாமிடம்தான் பேசுகிறான், லாசரை அனுப்பி எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லும், என் சகோதரர்களிடம் போகச் சொல்லும் என்று. செத்த பிறகும் அவன் கண்ணுக்கு லாசர் ஏவல் ஆள்தான்! அவனை அங்கே வைத்திருப்பது அதுதான் என்று நான் நினைக்கிறேன். இன்னொன்றும் பார், அப்படிப்பட்டவனையும் ஆபிரகாம் "மகனே" என்றுதான் கூப்பிடுகிறார். அந்த இடத்தை நான் ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் அழுதுவிடுவேன்.

இப்போது நீ இருக்கிற ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் கத்தார் கடற்கரைப் பக்கம் பிறந்தவர், பெயர் ஈசாக், நினிவேக்கு ஆயராக இருந்தார். அந்தக் காலத்தில் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களுக்கு ஆயர்களை அனுப்பிவந்த அதே கிழக்குச் சபைக்காரர். ஐந்தே மாதத்தில் பதவியை விட்டுவிட்டு மலைக்குத் தவம் செய்யப் போனார், வாசித்து வாசித்துக் கண் பார்வையே போய்விட்டது என்று சொல்கிறார்கள். நரகத்தில் இருக்கிறவர்களையும் வாதிக்கிறது கடவுளின் அன்புதான், பாவிகள் அங்கே அந்த அன்பை இழந்துவிட்டார்கள் என்று நினைப்பது தவறு என்று அவர் எழுதினார். பழி வாங்குவதற்காகக் கடவுள் நரகத்தை வைத்திருக்கிறார் என்று நினைப்பதே அவரை நிந்திப்பது என்றும் எழுதினார். கண்ணில் புண் இருக்கிறவனுக்கு நல்ல வெளிச்சமே குத்துகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். இப்படி எழுதினவரை யாரும் தள்ளிவைக்கவில்லை. 2024 நவம்பரில் போப் பிரான்சிஸ் அவர் பெயரை ரோமைச் சபையின் புனிதர் வரிசையிலும் சேர்த்தார்.

எல்லாரும் கடைசியில் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று ஒரிஜன் என்ற பழைய அறிஞர் கற்பித்ததைச் சபை பின்னால் ஏற்கவில்லை, அது எனக்குத் தெரியும். அதனால் எல்லாரும் நிச்சயம் மோட்சம் போவார்கள் என்று நான் உனக்கு எழுதித் தரமாட்டேன். ஒருவன் கடைசிவரை வேண்டாம் என்றே சொன்னால் கடவுள் கையைப் பிடித்து இழுக்கமாட்டார், இழுத்தால் அது அன்பாக இருக்காது. ஆனால் முடிவில்லாத காலம் என்பதை நினைக்கும்போது எனக்கும் நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. நடுங்கும்போது நான் செய்வது ஒன்றே ஒன்று, நம்புகிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுப்பேன்.

நீ சின்ன வயசிலிருந்து ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளை உருட்டி முடித்த பிறகும் சொல்லிவந்த ஜெபம்தான். 1917 ஜூலையில் பாத்திமாவில் மூன்று பிள்ளைகளுக்கு நரகத்தைக் காட்டின அதே நாளில் மாதா சொல்லிக்கொடுத்தது. எங்களை நரக நெருப்பிலிருந்து மீட்டருளும் என்று கேட்ட கையோடு, எல்லாரையும் விண்ணகத்துக்கு நடத்தச் சொல்கிறோம், இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குச் சிறப்பாக உதவச் சொல்கிறோம். எல்லாரையும் என்றால் எல்லாரையும்தான், ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டும் என்று அதில் இல்லை. அந்த அக்காவும் தினம் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஜெபத்தை நீயும் அவர்களோடு சேர்ந்துதான் சொல்ல வேண்டும், அதனால் கோபத்தில் அவர்களோடு பேச்சை முறித்துவிடாதே. அவர்கள் பயத்திலேயே வளர்ந்திருக்கலாம், நரகத்தை நினைத்துத் தங்களுக்காகவும் தூங்காமல் கிடக்கலாம். ஜெபக் கூட்டத்துக்குப் போக மனசில்லை என்றால் போக வேண்டாம், வெள்ளிக்கிழமைப் பூசையை மட்டும் விட்டுவிடாதே.

நீ அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாயே, அந்த மனசை உனக்குக் கொடுத்தது யார்? உன்னைவிடக் கடவுளுக்கு இரக்கம் குறைவாக இருக்க வழியே இல்லை மக்களே. அந்த ராத்திரி கடவுள் அங்கே இல்லாமல் நீ மட்டும் இருந்தாய் என்று நான் நினைக்கவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்கள் பெயரைக் கோவிலில் எழுதி வாங்குகிறார்கள். தாத்தா, பாட்டி பெயரோடு அவர் பெயரையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். கிறிஸ்தவர் இல்லையே என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி விஷயம், முழு விவரம் எதுவும் வேண்டாம், பெயர் மட்டும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அம்மா