அடித்தவளுக்கும் ஒரு கதவு வேண்டும்

ஆசிரியருக்கு,

புருஷன் மேல் வெந்நீர் ஊற்றினாள் என்று பேப்பரில் வந்தால், மறுநாள் மீன் மார்க்கெட்டில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. கடலூர் முதுநகரில் சனிக்கிழமை சாயங்காலம் அப்படிப்பட்ட ஏழெட்டுப் பெண்களோடு உட்காருகிறவள் நான். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதப் போய், இதில் வந்து நின்றேன்.

ஆரம்பத்தில் நானே சொதப்பினேன். மீன் விற்கும் ஓர் அக்கா (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்), பதினோரு வருடம் அடி வாங்கியவர், "அவர் குடிச்சிட்டு வந்த ராத்திரி இல்லம்மா. தூங்கிட்டு இருந்தப்ப தோசைக்கரண்டியால அடிச்சேன்" என்றார். "அவர் பண்ணதுக்கு இது கம்மிக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் வரவில்லை. தேடிப் போனேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டே, "மனசுல இருக்கறத எறக்கி வைக்க வந்தேன், நீ கைதட்டிட்ட" என்றார்.

இப்போது திட்டுவதும் இல்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை. "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? பிள்ளை அப்ப எங்க இருந்துச்சு?" என்று கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் டீ டம்ளர்கள் கீழே இறங்கும். அந்த அக்காவின் மகன் பாயில் முழித்துக்கொண்டு கிடந்தானாம்.

இன்னமும் அடி வாங்குகிறவளுக்குக் கோபத்தை அடக்கு என்று பாடம் எடுப்பது அநியாயம். அவளுக்கு முதலில் 181, பெண்கள் உதவி எண். பயத்தில் கை ஓங்கியவளும், மருமகளை அடக்கி வைக்கவே கை ஓங்கும் மாமியாரும் ஒரே கணக்கல்ல. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் எதிர்தரப்பு 'வயது வந்த ஆண்' என்று இருந்ததை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதிலிருந்து, அந்த மாமியார் மீதும் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். 14-ஆம் பிரிவின்படி, இரு தரப்பையும் தனித்தனியாகவும் கவுன்சிலிங்குக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. நான் துணைக்குப் போன இடத்திலோ ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். பக்கத்தில் புருஷன் இருக்கும்போது எவள் வாய் திறப்பாள்?

நாங்கள் உட்காருவது வலை வைக்கும் கொட்டகையில். கயிறு எடுக்க யாராவது உள்ளே வந்தால், பேச்சு சட்டென்று சங்கரா மீன் விலைக்குத் தாவிவிடும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு வகுப்பறையை, சனிக்கிழமை இரண்டு மணி நேரம், மாவட்ட நிர்வாகம் தரலாம். ஃபேன்கூட வேண்டாம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால் போதும்.

- குழு ஒருங்கிணைப்பாளர் ஒருவர், கடலூர் முதுநகர்