மசூரியிலிருந்து மணிக்கு

அன்புள்ள மணி,

உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்குத் திட்டுவதையெல்லாம் ஊருக்கு வந்ததும் நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். வசந்தாவின் மூட்டுவலி இந்தக் குளிரிலும் அடங்கியிருக்கிறது. மசூரிக்கு வந்திருக்கிறோம்.

கெம்ப்டி அருவியைப் பற்றி மட்டும் கேட்காதே. தண்ணீர் விழும் இடம்வரை கடைகள். நடுவில் அருவியைத் தேட வேண்டியிருக்கிறது. மனசு வலித்தது. கன்ஹில் பரவாயில்லை. ஒருகாலத்தில் தினமும் உச்சிவேளைக்குப் பீரங்கி வெடித்து ஊருக்கு நேரம் சொன்ன குன்று அது.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. ஹாத்திபாவ் மேட்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் குடியிருந்த வீடு இருக்கிறது. 1830 முதல் 1843 வரை இந்திய நில அளவைக்கே தலைவராக, சர்வேயர் ஜெனரலாக இருந்தாரே, அவரேதான். ஒரு பக்கம் டூன் பள்ளத்தாக்கு, மறுபக்கம் பனிமலை. மேகம் விலகியதும் பந்தர்பூஞ்ச் பளிச்சென்று தெரிந்தது. கூட வந்த பையன், “எவரெஸ்ட் சிகரம் எங்கே?” என்று கேட்டான். அது இங்கிருந்து தெரியாது, தம்பி, நேபாள எல்லையில் இருக்கிறது என்றேன். அப்போது பதினைந்தாம் எண் சிகரம் என்று குறித்திருந்த அதுதான் எல்லாவற்றிலும் உயரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ராதாநாத் சிக்தார் என்பதையும் சொன்னேன். அதற்குள் எவரெஸ்ட் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். சிகரத்துக்குத் தன் பெயரை வைப்பதில் அவருக்கே சம்மதமில்லை.

அங்கே நிற்கும்போது உன் நினைப்புத்தான். இந்தியாவையே அளந்த இந்த நில அளவையெல்லாம் ஆரம்பித்தது எங்கே? 1802 ஏப்ரலில், நம் பரங்கிமலையடியில்! அதைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் அங்கிருந்து நீ வீடு கட்டியிருக்கிற பெரும்பாக்கம் வரை, ஏழரை மைலுக்கு நூறடிச் சங்கிலி போட்டு, மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான பேஸ் லைன் எடுத்தார். ஏறக்குறைய நானூறு தடவை சங்கிலியை நீட்டி, மட்டம் பார்த்து, மறுபடி நீட்டியிருக்கிறார்கள். 1808-இல் உங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தில் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. லாம்டனே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார். பிறகு குமரியிலிருந்து வடக்கே நீண்ட அந்த அளவைதான் எவரெஸ்ட் காலத்தில் இந்த மலை வரைக்கும் வந்து சேர்ந்தது. தஞ்சாவூர்க்காரன் நீ, இதை ஒரு நாளாவது எனக்குச் சொன்னாயா?

ஒன்றுதான் உறுத்துகிறது, மணி. அந்த அளவையில் கொடி பிடித்து நின்ற கலாசிகள் என்ற உதவியாட்கள், சங்கிலி இழுத்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்துப்போனார்கள். எந்தச் சிகரத்துக்கும் அவர்கள் பெயர் இல்லை. சங்கிலி இழுக்கும் செயின்மேன் இல்லாமல், சர்வேயர் வேலை பார்த்த நாம் ஒரு புலமாவது அளந்திருப்போமா? முள்ளுக்குள் முதலில் இறங்கியது அவர்கள். எஃப்எம்பி என்கிற புல அளவைப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் நம்முடையது.

நம் செயின்மேன் சின்னையா திருப்போரூர்ப் பக்கம்தானே இருக்கிறார்? எண்பது தாண்டியிருக்கும். ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்து வை. நான் வந்ததும் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அவருக்கு இங்கே ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறேன். உனக்கு ஒன்றும் வாங்கவில்லை.

அன்புடன்,
கோபால்