பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் கணக்குச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் தன் டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றலாம் என்று கேட்டிருந்தார். முனையில் இரிடியம் உலோகம் வைத்த பிளக் என்றால் 1 லட்சம் கிலோமீட்டர் வரை தொட வேண்டாம் என்று பதில் வந்திருந்தது. சாதாரண குடும்பக் காருக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் வைத்திருப்பது வேகத்துக்காகவே செய்த எஞ்சின், அதையும் ரிமேப் செய்து, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றி, டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தமான பூஸ்ட்டை ஏற்றியிருப்பதாக அவரே எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பதில் எழுதிவிட்டார்களோ என்னவோ.

நான் இதில் பட்டவன். என் டர்போ கார் மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் காட்டாது, ஐட்லிங் சீராக இருக்கும், ஆனால் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் விக்கல் எடுத்த மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும். மெக்கானிக், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினார், கொஞ்ச நாளில் இன்னொரு காயிலையும் மாற்றினார், அப்புறம் பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகப்பட்டார். கடைசியில் நானே பிளக்கைக் கழற்றி இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். பொறி தாவும் முனைகளுக்கு நடுவே 0.7 மி.மீ. இருக்க வேண்டிய கேப் 0.9 ஆகியிருந்தது. வண்டி அந்த பிளக்கில் 40,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

0.2 மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். டர்போ இல்லாத பல எஞ்சின்கள் 1.1 மி.மீ. கேப்பில் நிம்மதியாக ஓடுகின்றனதான். டர்போவில் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கி அடைக்கப்படுவதால் பொறி அந்த இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், கேப் அகல அகல அது இன்னும் ஏறும், அந்தச் சுமையெல்லாம் காயில் தலையில் விழும். காயில் அடிக்கடி போகிறது என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள். மிஸ்ஃபயரோடு, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல், ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும், பிளக்கில் மிச்சம் பிடித்தது அங்கே பல மடங்காகப் போகும்.

என் கணக்கைக் கேட்டால், கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் டர்போ காருக்கு மேனுவலில் உள்ள தூரமே போதும், அதைத் தாண்ட வேண்டாம். ரிமேப் செய்தது என்றால் இரிடியத்தை 30,000லும் சாதாரண நிக்கல் பிளக்கை 15,000லும் மாற்றிவிடுவேன். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் கிலோமீட்டரை மறந்துவிட்டு, டிராக்குக்குப் போய் வந்த பிறகெல்லாம் கழற்றிப் பார்ப்பது நல்லது. இரிடியம் மெதுவாகத் தேயும் என்பதற்காகத்தான் அதற்குக் கூடுதல் விலை, அதைப் போட்டதாலேயே குதிரைத்திறன் கூடிவிடும் என்பதெல்லாம் விற்கிறவர்கள் பேச்சு.

கழற்றிய பிளக் நிறைய சொல்லும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளையாகி பீங்கானில் கொப்புளம் கொப்புளமாக இருந்தாலோ பொடிப் பொடியாக அலுமினியப் புள்ளிகள் ஒட்டியிருந்தாலோ புது பிளக் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், டியூனிங்கே தப்பு, வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள்.

இன்னொன்று, ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பது. பவரை நன்றாக ஏற்றினால் ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் பிளக் போடச் சொல்வார்கள். என்ஜிகே கம்பெனி பிளக்கில் ஹீட் ரேஞ்ச் எண் கூடினால் குளிர்ந்தது, போஷில் எண் குறைந்தால் குளிர்ந்தது. இது தெரியாமல் கம்பெனி மாற்றி வாங்கி நேர் எதிரானதைப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மாற்றும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்கட்டும், குழியில் கிடக்கும் தூசியை ஊதிவிட்டுக் கழற்றுங்கள், புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகி அப்புறம் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். பெட்டியிலிருந்து வருவதுதானே என்று கேப்பை அளக்காமல் போடாதீர்கள். அந்த வாசகர் ரிமேப் செய்தவரிடமே எந்த ஹீட் ரேஞ்ச், எவ்வளவு கேப் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் ரிமேப் செய்திருந்தால், பிளக்கைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்