பாலத்தில் காலை ஆறரை

பிறை, பினாங்கு, மலேசியா

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம்.

கோலாலம்பூர் பெடரல் ஹைவேயில் ஜேமில் உட்கார்ந்தே வயசாகிறது, ரோட்டை இன்னும் அகலப்படுத்தினால்தான் விடிவு என்று எழுதியிருந்தாய். நானும் அப்படி நினைத்தவன்தான். பினாங்குப் பாலத்தை 2009-இல் அகலப்படுத்தினார்கள். 2014-இல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலமும் வந்தது. ஆனாலும் காலையில் என் காருக்கு முன்னால் அதே சிவப்பு விளக்கு வரிசை.

மூன்று மாதமாகக் காரில் ஒரு நோட்டு வைத்து நேரம் குறிக்கிறேன். 6 மணிக்குப் பாலத்து டோலைத் தாண்டினால், தீவில் தொழிற்சாலைகள் இருக்கிற பாயான் லெப்பாஸுக்கு 25 நிமிடம். 6.30-க்குத் தாண்டினால் 50.

காரணம் எளிய கணக்குடா. ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 வண்டிதான் போக முடியும். மூன்று தடத்துக்கு 6,000. ஒரு மணி நேரத்தில் 7,000 வண்டி வருகிறது என்று வை, கடைசியில் 1,000 வண்டி வரிசையில் நிற்கும். அது கரையவே பத்து நிமிடம். நின்று நின்று நகர ஆரம்பித்துவிட்டால் அந்த 6,000-மும் போகாது, இன்னும் குறையும். அந்த 1,000 பேர் அரை மணி தள்ளி வந்தால் வரிசையே இல்லை.

வில்லியம் விக்ரே என்ற பொருளாதார அறிஞர் 1969-இலேயே இதைக் கணக்காக எழுதினார். வரிசையில் காத்திருப்பதா, சீக்கிரமே போய்ச் சும்மா உட்காருவதா, தாமதமாகப் போவதா என்று ஒவ்வொருவரும் எடைபோட்டுத்தான் புறப்படுகிறார்களாம். கூட்ட நேரத்தில் டோலைக் கூட்டினால் வரிசை கரையும் என்பது அவர் வழி.

எனக்கு அங்கேதான் மனசு ஒப்பவில்லை. 7 மணி ஷிப்டுக்குக் கார்டு தட்ட ஓடுகிறவனுக்கு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? ஐந்து நிமிடம் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு. அவனிடம் கூடுதல் டோல் வாங்குவது அநியாயம். நேரத்தை வைத்திருப்பது தொழிற்சாலை, நகர்த்த வேண்டியதும் அதுதான். ஒன்று 6.30, ஒன்று 7, ஒன்று 7.30 என்று பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பேசி வைத்துக்கொண்டால் ஒரு மூட்டை சிமெண்டுகூட வேண்டாம்.

எங்கள் மேனேஜரிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு பிரிவை மட்டும் அடுத்த மாதம் 7.30-க்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். நீயும் இரண்டு வாரம் குறித்து அனுப்பு: வீட்டை விட்ட நேரம், சேர்ந்த நேரம், மழை பெய்ததா என்பதையும்.

அன்புடன்,
மணி